மலைநாட்டு விருந்தும் மாமன் மடியும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். பின்னர் அது வீட்டிற்குப் புதிதாக வருபவரையும், அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. வந்தவர் எத்தனை நாள் புதியவராகவே இருப்பார்? தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வாழும் கெச்சுவா மக்களிடம் இதற்கு ஒரு விடை உண்டு. வெளிநாடு சென்று பயில எண்ணும் நண்பர்கள் அதனை அறிந்துகொள்வது நன்று.

குழந்தைக்கு முதன்முதல் முடி வெட்டுவது அங்கே பெருவிழா. இன்கா குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ, 1609-ல் வெளிவந்த தம் நூலில் இதனை எழுதியுள்ளார். பால் மறக்கும் பருவத்தில், இரண்டு வயது கடந்தபின், ஞானத்தந்தை முதற்கற்றையை வெட்டுவார்; பிறகு உறவினர் வயது முறைப்படி வெட்டிப் பரிசளிப்பர். இவ்வழக்கம் இன்றும் உண்டு. முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து நாடா கட்டி வைத்திருப்பார்கள். விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு கற்றையை வெட்டித் தட்டில் இட்டுப் பணமும் வைக்க வேண்டும். அயல்நாட்டாரிடமும் கத்தரிக்கோல் நீட்டப்படும். 'நான் பார்க்க வந்தவன்' என்று ஒதுங்குவது அழகன்று. ஆனால் முதற்கற்றை வெட்டுவது வேறு. அதை வெட்டுபவர் ஞானத்தந்தை ஆகிறார். குழந்தையின் படிப்புக்கும் இடருக்கும் பெற்றோர் அவரை நாடுவர். ஆதலின் அப்பெருமையை ஆய்ந்தே ஏற்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் செய்த 'சிச்சா' என்னும் கள்ளும் வரும். பருகுமுன் சில துளிகளைப் 'பச்சமாமா'வுக்குத் தரையில் சிந்துவர். (நம் காதில் மாமன் ஒருவரின் பெயர்போல் ஒலித்தாலும், அவள் நிலத்தாய், அம்மொழியில் மாமா என்றால் தாய்.) குஸ்கோ நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர், காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரு பங்கே. போன அன்றே ஆடிப்பாடினால் தலை சுற்றும்.

அவர்கள் அவ்வளவு உயரத்தில் என்றால், எங்கள் ஊர்ச் சாம்பியன் சுரங்கம் அதே அளவு ஆழத்தில்: ஏறத்தாழ 3,200 மீட்டர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்க வயலுக்கு வந்தபின், வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்தோரின் வழியினர் நாங்கள். அங்கே எல்லாரும் ஒரு காலத்து விருந்தே.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து எனக்குக் காது குத்தினர். தாய்மாமன் வேலை தேடித் தொலைவூர் சென்றிருந்தார், வர இயலவில்லை. ஆசாரி காத்திருந்தார். பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட அமரவிருந்த ஒரு தெலுங்கரை, அடுத்த லைனில் குடியிருந்தவரை, "நீ வந்து உக்காருப்பா" என்றாள். அவர் மடியில்தான் நான் அழுதேன். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரிடமிருந்து எனக்குச் சட்டை வந்தது. நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று காவல் வேலை பார்த்தவர், என் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினார்.

கெச்சுவா மொழியில் 'அய்னி' என்றொரு சொல் உண்டு. இன்று நீ செய்ததை நாளை நான் உனக்குச் செய்வேன் என்பது. நம் மொய் நோட்டும் அதுவே. ஊர்விட்டுச் சிதறியோர் வீட்டுத் திருமணங்களுக்கு அம்மா இன்றும் அந்த நோட்டைப் பார்த்தே செய்கிறார். அதில் தெலுங்கு மாமாவின் பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. கடன் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மாமன் வெச்சா அது சீருடா. மொய்யில வராது" என்றார்.