மலிவுத் துப்பாக்கி யாருக்கு ஆபத்து?

கேள்வி: அமெரிக்காவில் மலிவு விலைக் கைத்துப்பாக்கிகளைத் தடுப்பது ஏழைகளுக்கு இழைக்கும் அநீதி என்கிறார்களே, சரிதானா?

பதில்: விலையைக் காரணம் காட்டித் தடுத்தால் அநீதிதான். தற்காப்பு உரிமையைச் சட்டமே தந்திருக்கும் நாட்டில், குற்றம் மலிந்த பகுதியில் வாழும் ஏழைக்கு மட்டும் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஏழையின் கையில் என்ன கொடுக்கப்பட்டது? 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தரம் குறைந்த சிறு துப்பாக்கிகளின் இறக்குமதியைத்தான் தடுத்தது. உள்நாட்டுத் தயாரிப்பைத் தொடவில்லை. உடனே லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில், துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துத் துப்பாக்கி செய்யும் ஆலைகள் முளைத்தன. அவற்றில் ஒன்றான பிரைகோவின் ஒரு மாடலில், தோட்டாவை வெளியே எடுப்பதற்கே பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க வேண்டும். அப்படி ஒருவர் எடுக்க முயன்றபோது குண்டு பாய்ந்து ஒரு சிறுவன் முடங்கிப்போனான். அதற்கான வழக்கில் 2003இல் நடுவர் குழு நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது. நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

தரச் சோதனை வைத்தாலும் குற்றவாளி எப்படியும் வேறு துப்பாக்கி தேடிக்கொள்வான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனை முதலில் காப்பது வாங்கியவரையும் அவர் வீட்டுப் பிள்ளைகளையும்தான். 1972இல் அமைந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மீது அதிகாரமே தரப்படவில்லை. ஆனால் கலிபோர்னியா மாநிலம் 2001 முதல், கீழே விழுந்தால் வெடிக்கிறதா என்று சோதித்த பிறகே கடைகளில் புதிய கைத்துப்பாக்கிகளை விற்க விடுகிறது. எல்லா மாநிலங்களுக்கும் வேண்டியது விலைத் தடையல்ல, இந்தச் சோதனை.