பட்டனை விட்டேன்... மெஷின் நிக்கலை!



நம்ம ஆய்வகத்தில் இருக்கும் குட்டி சி.என்.சி. மெஷினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, 3 ஸ்டெப்பர் மோட்டார், சுழலும் கட்டர், ஒரு பழைய லேப்டாப். இவ்வளவுதான் அது. போர்டுக்குள் ஓடும் நிரலின் பெயர் ஜி.ஆர்.பி.எல். நார்வே நாட்டின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் எழுதிய இலவச நிரல் இது. நாங்கள் பயன்படுத்துவது 1.1 பதிப்பு.

இந்த மெஷினால் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அடி வாங்கித்தான் கற்றோம். நீங்கள் அடி வாங்காமலே கற்றுக்கொள்ளலாம்!

நடந்தது என்ன?

பிளைவுட்டில் வகுப்பறைப் பெயர்ப்பலகை செதுக்க வேண்டும். கட்டரை ஓரத்துக்குக் கொண்டுபோக எக்ஸ் அச்சின் சாவியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். சரியான இடம் வந்ததும் விட்டுவிட்டேன். மெஷின் நிற்கவில்லை.

"டேய், கைய எடுத்துட்டேன்டா, இன்னும் ஓடுது!"

பதற்றத்தில், கட்டரை 1 மி.மீ. இறக்கும் சாவியைத் தட்டினேன். இறங்கவில்லை. மறுபடி தட்டினேன். மொத்தம் 5 தட்டு. அதற்குள் கட்டர் பலகையைத் தாண்டி, அதைப் பிடித்திருந்த இரும்பு கிளாம்ப் மேலே போய் நின்றது. நின்றதும் 5 மி.மீ. ஒரேயடியாக இறங்கியது. மேலே ஏற்றும் சாவியை அழுத்தியும் பயனில்லை. "டிக்" என்று முனை உடைந்து, துண்டு பறந்து நண்பனின் கண்ணாடியில் பட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மெஷின் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது எங்கள் இயற்பியல் சாரின் கட்டளை. அன்றைக்கு அதுதான் அவன் கண்ணைக் காப்பாற்றியது.

"லேப்டாப் பழசுடா" என்றான் ஒருவன். "கேபிள் மோசம்" என்றான் இன்னொருவன். காசு சேர்த்துப் புது கேபிள் வாங்கினோம். துளியும் மாற்றமில்லை. சார் சிரித்தார். "ஊகிக்காதீங்கப்பா, அளந்து பாருங்க" என்றார். அளந்தோம். அந்த வரிசை இதோ:

சோதனை 1: தாமதம் திரையிலா, மெஷினிலா?

சாவியும் கட்டரும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுங்கள். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி விநாடி. சாவி அழுந்திய படத்திலிருந்து கட்டர் அசைந்த படம் வரை எண்ணுங்கள். கையில் காசில்லாமல் கிடைக்கும் கடிகாரம் இது!

எங்கள் திரையில் எண்கள் ரொம்ப தாமதமாக மாறின. காரணம், லேப்டாப் நிரல் '?' அனுப்பி "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால்தான் போர்டு பதில் சொல்லும். எங்கள் நிரல் விநாடிக்கு ஒரு முறைதான் கேட்டது. அதை 200 மில்லி விநாடிக்கு ஒரு முறை என்று மாற்றினோம். திரை சரியானது. ஆனால் மெஷின் அப்படியேதான் இருந்தது.

சோதனை 2: கேபிள் குற்றவாளியா?

கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். வேகம் 115200 பாட். ஒரு எழுத்துக்கு 10 பிட் செலவாகும். ஆகவே விநாடிக்கு 11520 எழுத்து போகும். நகர்த்தும் கட்டளை ஒன்றுக்கு 13 எழுத்து. போய்ச்சேர ஆகும் நேரம் 13 ÷ 11520, அதாவது சுமார் 1 மில்லி விநாடி. கண் இமைப்பதற்குள் நூறு கட்டளை போய்விடும். பாவம், பழைய கேபிள் நிரபராதி! (கேபிள் மோசமானால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகும். நிதானமாக ஓடாது.)

சோதனை 3: முடுக்கம் எவ்வளவு?

11-ஆம் வகுப்பு இயற்பியல் இங்கே வருகிறது. ஜி.ஆர்.பி.எல்.லில் $110, $111, $112 என்பவை மூன்று அச்சுகளின் உச்ச வேகம். $120, $121, $122 என்பவை முடுக்கம். நாங்கள் எதையும் தொடாததால் நிரலோடு வந்த மதிப்பே இருந்தது: வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ., முடுக்கம் 10 மி.மீ./விநாடி².

நிமிடத்துக்கு 500 என்றால் விநாடிக்கு 8.33 மி.மீ.
அந்த வேகத்தை எட்ட நேரம் = 8.33 ÷ 10 = 0.83 விநாடி
அதற்குள் நகரும் தூரம் = 8.33² ÷ (2 × 10) = 3.47 மி.மீ.

நிறுத்தும்போதும் இதே கணக்குதான். "நில்" என்ற பிறகும் 3.47 மி.மீ. போய்த்தான் நிற்கும். புறப்படும்போதோ, முதல் 0.1 விநாடியில் நகர்வது வெறும் 0.05 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. "அசையலையே" என்று நினைத்து மறுபடி தட்டுகிறோம்!

முடுக்கத்தை 100 ஆக்கினால்? நேரம் 0.083 விநாடி, தூரம் 0.35 மி.மீ. பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே தாவாகத் தாவாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மோட்டார் "கர்ர்" என்று கத்தி, ஸ்டெப் விட்டால் அதுதான் எல்லை. அதற்கு 20 சதவீதம் குறைவாக வையுங்கள். கட்டரைத் தாங்கும் இசட் அச்சு கனமானது. அதைத் தனியாகச் சோதியுங்கள்.

சோதனை 4: வரிசையில் எத்தனை பேர்?

உண்மையான குற்றவாளி இங்கேதான் சிக்கினான். ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். கடைசியில் வந்தவர் எவ்வளவு அவசரம் என்றாலும் முன்னால் நிற்பவர்கள் முடித்தால்தான் அவர் முறை வரும். போர்டிலும் இதே கதை. திட்டமிடும் வரிசையில் 15 கட்டளைக்கு இடம். அதற்கு வெளியே, வந்த எழுத்துகள் காத்திருக்க 128 இடம். கட்டளைக்கு 13 எழுத்து என்றால் 9 கட்டளை. ஆக 15 + 9 = 24 கட்டளை.

சாவியை அழுத்திப் பிடித்தால் விசைப்பலகை விநாடிக்கு 30 முறை வரை அதே எழுத்தை அனுப்பும். எங்கள் நிரல் ஒவ்வொன்றுக்கும் "1 மி.மீ. நகர்" என்று போர்டுக்குச் சொன்னது. மெஷினோ விநாடிக்கு 8.33 மி.மீ.தான் ஓட முடியும். வரிசை நிரம்பாமல் என்ன செய்யும்? நிரம்பிய 24 மி.மீ. ஓடித் தீர 24 ÷ 8.33 = 2.9 விநாடி. கை எடுத்த பிறகு மெஷின் ஓடியது இதனால்தான்.

நான் தட்டிய 5 "இறங்கு" கட்டளையும் அந்த வரிசையின் கடைசியில் நின்றன. அவற்றுக்கும் பின்னால் நின்றது "ஏறு". காப்பாற்ற வேண்டிய கட்டளையே வரிசையில் கடைசி ஆள்!

இதைக் கண்ணால் பார்க்க $10-இன் மதிப்பை 3 ஆக்குங்கள். மெஷின் சும்மா இருக்கும்போது நிலை அறிக்கையில் 15,128 என்று காலி இடங்கள் தெரியும். சாவியைப் பிடித்தபடி பாருங்கள், முதல் எண் 0-வை நோக்கி இறங்கும். அது இறங்குகிறது என்றால் நோய் இதுவே.

மருந்து: வரிசையில் நிற்காத கட்டளைகளும் உண்டு. ஆம்புலன்ஸ் மாதிரி நேராக உள்ளே போகும். '!' என்றால் நிதானித்து நிறுத்து. '~' என்றால் தொடர். நகர்த்தலை ரத்து செய்ய ஹெக்ஸ் 85 என்ற தனிக் குறியீடு 1.1 பதிப்பில் உண்டு. காத்திருக்கும் நகர்த்தல்களையும் அது தள்ளுபடி செய்யும். ஆகவே சாவி அழுந்தும்போது நீளமான ஒரே ஒரு நகர்த்தல் கட்டளை, விட்டவுடன் ஹெக்ஸ் 85. இப்படி வேலை செய்யும் நிரலுக்கு மாறினோம்.

சோதனை 5: திருகில் தொய்வா?

வலமாக ஓடிய அச்சை இடமாக 0.1 மி.மீ. நகர்த்தினால் சில சமயம் அசையாது. மோட்டார் சுற்றியிருக்கும். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பவே அந்தச் சுற்று செலவாகிவிடும். தாமதம் போலத் தெரியும், ஆனால் தாமதம் இல்லை. ஒரே திசையில் சரியாக ஓடி, திசை மாற்றும்போது மட்டும் தயங்கினால் இதுதான். கப்ளரின் சின்னத் திருகுகளையும் முறுக்கிப் பாருங்கள். எங்களுடையதில் ஒன்று லூஸாக இருந்தது.

மறக்கக்கூடாதவை

* '!' கொடுத்தால் அச்சுகள்தான் நிற்கும். கட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். கை வைக்காதீர்கள்.
* கன்ட்ரோல்-எக்ஸ் மெஷினை உடனே நிறுத்தும். ஆனால் ஓடும்போது அழுத்தினால் இருந்த இடக் கணக்கு போய்விடும். மறுபடி தொடக்கப் புள்ளி வைக்க வேண்டும்.
* எந்தச் சாவியும் அவசர சுவிட்ச் ஆகாது. லேப்டாப் தொங்கிப்போனால் சாவியால் என்ன பயன்? மோட்டாருக்கும் கட்டருக்கும் போகும் மின்சாரத்தையே வெட்டும் சிவப்புக் குமிழ் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாங்கள் இப்போது பொருத்திவிட்டோம்.
* அசையவில்லை என்றால் மறுபடி தட்டாதீர்கள். மூன்று எண்ணுங்கள். பிறகு காரணம் தேடுங்கள்.

எங்கள் மெஷின் "ஸ்லோ" இல்லை. நாங்கள் சொன்னதை எல்லாம், சொன்ன வரிசையில், ஒன்று விடாமல் செய்தது. சொன்னதுதான் தப்பு.

பெயர்ப்பலகை இப்போது வகுப்பு வாசலில் தொங்குகிறது. ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், பாருங்கள். அது எங்கள் பாடத்தின் முத்திரை!

செய்து பாருங்கள்: முடுக்கம் 50, வேகம் நிமிடத்துக்கு 600 மி.மீ. என்றால் "நில்" என்ற பிறகு கட்டர் எத்தனை மி.மீ. ஓடும்? விடையைத் தாளில் எழுதி இந்தப் பலகையின் கீழே குத்தி வையுங்கள்.



– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்