மதிப்பு ஒன்று, வேலை வேறு

அன்புள்ள தம்பிக்கு,

இண்டக்‌ஷன் அடுப்பில் உப்பிப்போன 0.33 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த அதே மதிப்புள்ள 630 வோல்ட் பாலியெஸ்டரைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சில நிமிடங்களில் அது புகைந்து, அடுப்பின் ஐஜிபிடி டிரான்சிஸ்டரும் போய்விட்டது. "மீட்டரில் மதிப்பு சரியாகத்தானே காட்டியது?" என்று கேட்கிறீர்கள். வேலை பழகும் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்பதை மட்டும்தான் மீட்டர் சொல்லும். எந்த வேலையைத் தாங்கும் என்பது உள்ளே சுருட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் பொறுத்தது.

அடுப்பில் அந்தக் கெப்பாசிட்டர் காயிலோடு சேர்ந்து நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் நிரம்பி வடிகிறது. அங்கே மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டைத் தொடும். அதனால்தான் பழையதில் 1200 வோல்ட் என்று இருந்தது. ஆனால் வோல்ட்டேஜ் மட்டும் போதாது. போய்வரும் ஆற்றலில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் வெப்பமாக வீணாகிறது. ஒரு கிலோஹெர்ட்ஸில் பாலியெஸ்டர் ஆயிரத்தில் சுமார் 5 பங்கை இழக்கும். அங்கே போட வேண்டிய பாலிபுரொப்பிலீன் அரைப் பங்குக்கு மேல் இழக்காது. அதிர்வெண் ஏறினால் பாலியெஸ்டரின் இழப்பு 10 பங்கையும் தாண்டும். உங்கள் கெப்பாசிட்டர் உள்ளுக்குள்ளேயே வெந்துபோனது இதனால்தான்.

அதற்காகப் பாலியெஸ்டரை ஒதுக்கிவிட வேண்டாம். அதே மதிப்பைச் சிறிய உடலில், குறைந்த விலையில் தருவது அதுதான். பாலிபுரொப்பிலீனுக்கு 105 டிகிரி எல்லை என்றால், இது 125 டிகிரி வரை தாங்கும். ஆம்பிளிபயரில் கப்ளிங், டிசி லைனில் பைபாஸ் போன்ற இடங்களுக்கு '104ஜே' என்று அச்சிட்ட 0.1 மைக்ரோபாரட் பாலியெஸ்டரே போதும். வெப்பம் மாறினாலும் மதிப்பு அதிகம் நகரக்கூடாத ஃபில்டர், டைமர் சர்க்யூட் என்றால் பாலிபுரொப்பிலீனை எடுங்கள்.

வீட்டு மின்சாரம் நேராகப் பாயும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். அதைப் பார்த்து 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓயாமல் திசை மாறும் மின்னழுத்தமும் லைனில் வரும் திடீர் எழுச்சியும் அதைத் தின்றுவிடும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 'எக்ஸ்2' முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும். அது 2,500 வோல்ட் எழுச்சியில் சோதிக்கப்படுவது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 'ஒய்' வகை மட்டும்தான். அங்கே கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் சாதனத்தைத் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து.

சீலிங் ஃபேனையும் சொல்லிவிடுகிறேன். அதிலிருப்பது 2.5 மைக்ரோபாரட், 440 வோல்ட் ஏசி, உலோகம் பூசிய பாலிபுரொப்பிலீன். படலத்தில் சிறு ஓட்டை விழுந்தால் அதைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி, பழுதைத் தானே ஒதுக்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் மதிப்பு கொஞ்சம் குறையும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கு இது ஒரு காரணம். வேகம் வேண்டுமென்று 4 மைக்ரோபாரட் போடாதீர்கள். வைண்டிங் சூடாகி எரிந்துபோகலாம்.

இனி ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றுவதற்கு முன் அதில் மின்னூட்டம் மிச்சமில்லை என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு விவரங்களை நோட்டில் எழுதுங்கள்: மதிப்பு, வோல்ட்டேஜ் ஏசியா டிசியா, உடலில் அச்சிட்ட வகை, சர்க்யூட்டில் அது இருக்கும் இடம். கடையில் இந்த நான்கும் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள். பொருந்தாவிட்டால், வாடிக்கையாளரை ஒருநாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்