இயற்கை வளங்களைக் காக்கும் கல்வி



சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், காடுகளையும் ஆறுகளையும் பாதுகாக்கும் படிப்பைப் படிக்க விரும்புகிறேன். அப்பாவிடம் நீங்கள் சொல்வீர்களா?" என்று கேட்டாள். நாம் உடனே விடையளிக்கவில்லை. வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாயில்களையே காட்டிப் பழகியவர்களுள் நாமும் அடங்குவோம். அன்று கூறாத விடையே இக்கட்டுரை.

இயற்கை வளப் பாதுகாப்பு என்பது வளங்களைத் தொடாது பூட்டி வைப்பதன்று. நீர், மண், காடு, மீன், வனவிலங்கு ஆகியன அடுத்த தலைமுறைக்கும் எஞ்சுமாறு அளவறிந்து பயன்படுத்தும் அறிவே அது.

ஒன்ராறியோ மாகாணம் இதன் தேவையைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு, ஹேசல் சூறாவளி கொணர்ந்த மழையால் ஹம்பர் முதலான ஆறுகள் பெருக்கெடுத்து 81 பேர் மாண்டனர். வெள்ளச் சமவெளியில் வீடுகள் கட்டப்பட்டிருந்தமை இழப்பைப் பெருக்கியது. பின்னர் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பாதுகாப்பு அதிகார சபைகள் வலுப்பெற்றன. ஆற்றங்கரை நிலங்கள் பல பொதுவுடைமையாகிப் பூங்காக்களாயின. கோடைகால ஒன்றுகூடலுக்கு நாம் செல்லும் பூங்காக்கள் சில இவ்வாறு பிறந்தவையே.

இப்படிப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் உயிரியல், இரசாயனவியல், கணிதம், புவியியல் ஆகியன கைகொடுக்கும். பின்னர் வழிகள் இரண்டு. லின்ட்சே நகரிலுள்ள பிளெமிங் கல்லூரி போன்றவற்றில் செய்முறைப் பயிற்சியுடன் டிப்ளோமா பெறலாம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். தண்டர் பே நகரின் லேக்ஹெட் போன்ற பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுப் பட்டம் பெறலாம். மண்ணியல், நீரியல், சூழலியல், புள்ளிவிபரவியல், கணினி வழி நிலப்படம் வரைதல், சட்டம், முதற்குடிகளின் உரிமைகள் ஆகியன பாடங்களாகும்.

கற்றோர் வனவியலாளராகவும், வனவிலங்குச் சட்டங்களைக் காக்கும் அதிகாரிகளாகவும், நீர்த்தரம் ஆய்வோராகவும், வெள்ள எச்சரிக்கை வழங்குவோராகவும், பூங்காப் பொறுப்பாளராகவும் பணிபுரிவர். தொடக்க வேலைகள் பல கோடைகாலத்துக்கு மட்டுமானவை. நகரை விட்டுத் தூரம் செல்லவும் நேரும். இதனைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே எமது சொத்து. எம் தந்தையார் துலாவால் இறைத்த தோட்டக் கிணறு, இயந்திரங்கள் இரவு பகலாய் இறைக்கத் தொடங்கிய பின் உவராயிற்று. அளந்து எச்சரிக்க எம்மூரில் எவரும் இருக்கவில்லை. ஆசிரியராயிருந்த நாமும் அறிந்திருக்கவில்லை.

ஆகவே மகளே, அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் உன் அப்பாவுடன் பேசுவோம். எந்த நாட்டு நீராயினும் அதைக் காக்கக் கற்பவர் எம் பிள்ளைகளுள்ளும் வேண்டும்.