மருத்துவப் படிப்பும் கடன் கணக்கும்

அண்மையில் ஒரு தோட்டத்தில், பால் நிறுவை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் வேளையில், பால்மரம் வெட்டும் தந்தை ஒருவர் தனியார் கல்லூரியொன்றின் கட்டணத் தாளை என்னிடம் நீட்டினார். அவருடைய மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. "ஐயா, கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். மகள் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. கணக்குப் பார்க்காமல் ஆம் என்று சொல்லவும் கூடாது. ஆகவே மூவரும் திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். தோட்டப் பெற்றோர் பலருக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்குத் தருகிறேன்.

கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து ஐந்தாண்டுகளுக்கு 260,000 வெள்ளி என்று கொண்டோம். இதில் 60,000 வெள்ளியைத் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., கடனாகக் கொடுப்பதாக வைத்துக்கொண்டோம். 1997ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கழகம் இன்று ஆண்டுக்கு 1 விழுக்காடு மட்டுமே சேவைக் கட்டணமாகப் பெறுகிறது. 20 ஆண்டுகளுக்கு அக்கட்டணம் 12,000 வெள்ளி. மொத்தம் 72,000 வெள்ளி. மாதத் தவணை 300 வெள்ளி. படிப்பை முடித்து 12 மாதங்கள் கழிந்த பின்னரே தவணை தொடங்கும். இது தாங்கக்கூடிய சுமைதான்.

எஞ்சிய 200,000 வெள்ளிக்குத் தம் தம்பியின் வீட்டை ஈடு வைத்து வங்கியில் கடன் பெறலாம் என்று அவர் எண்ணியிருந்தார். வட்டி 5 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டுகள் என்று கொண்டால், மாதந்தோறும் ஏறத்தாழ 1,320 வெள்ளி கட்டவேண்டும். படிக்கும் ஐந்து ஆண்டுகளின் வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. இரண்டு தவணைகளும் சேர்ந்து 1,620 வெள்ளி.

2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது, மகளுக்கு உரிய காலத்தில் வேலை கிடைக்காமற்போனால், தாய் தந்தை இருவரில் ஒருவருடைய சம்பளம் அநேகமாக முழுவதும் கடனுக்கே போய்விடும். தவணை தவறினால் தம்பியின் வீடு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

வேலை கிடைத்த நிலையையும் பார்த்தோம். முதற் சம்பளம் அலவன்சுகளோடு 4,000 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 440 வெள்ளி. கடனுக்கு 1,620. மீதி 1,940 வெள்ளியில் நகரத்து அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் அடங்க வேண்டும். மருத்துவருடைய வருமானம் பின்னாளில் உயரும், அதில் ஐயமில்லை. ஆனால் கடனோ வருமானம் குறைவாக உள்ள முதல் ஆண்டுகளிலேயே கையை நீட்டுகிறது.

வேலையும் முன்போல் உறுதியானதன்று. 2016 டிசம்பர் முதல் அரசாங்க மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். நிரந்தர வேலை கோரி, 2021 ஜூலை 26ஆம் நாள் அவர்களுள் பலர் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றதை நாடறியும். தாதிமைத் துறையிலும் இத்தகைய ஏற்ற இறக்கம் உண்டு. 2010ஆம் ஆண்டையொட்டித் தனியார் கல்லூரிகளில் தேறிய தாதியர் பலர் வேலையின்றிக் கடனோடு நின்றனர்; பின்னர் தாதியர் பற்றாக்குறை என்ற பேச்சு எழுந்தது. இன்றைய நிலையை மட்டும் பார்த்து, ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கும் சம்பளத்தை எவரும் உறுதி கூற முடியாது. கல்லூரி முகவர் கூறினால் நம்பவேண்டாம்.

பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். மருத்துவமாயின் மலேசிய மருத்துவ மன்றமும், தாதிமையாயின் தாதியர் வாரியமும் இதற்குப் பொறுப்பு. அங்கீகாரமில்லாத பட்டத்துக்கு வாங்கிய கடனையும் கட்டித்தான் தீரவேண்டும்.

சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்க வழியுண்டு. ஆயினும் அது உங்கள் முதுமைக்கான பணம். கத்தியைக் கீழே வைத்த பிறகு வேறு வருவாய் ஏது என்று எண்ணிப் பார்த்து எடுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பின் செலவில் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் வழியாக இடம் கிடைத்தால், மேலே கண்ட 200,000 வெள்ளி என்னும் வரியே கணக்கில் இராது. மருந்தியல், இயன்முறை மருத்துவம் போன்ற பட்டப் படிப்புகளில் முதல் வகுப்பில் தேறுவோருக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடும் நிதிக் கழகத்தில் உண்டு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் தாதிமை, மருத்துவ உதவியாளர் பயிற்சிகளை நடத்துகின்றன. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பித்த பிறகு தனியார் கல்லூரியின் தாளை எடுத்துப் பார்ப்பதே முறை.

அந்தப் பெண் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்திருந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. தனியார் கல்லூரிக்கு முன்பணம் செலுத்தும் கடைசி நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்றும், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்றும் கேட்டு அன்று மாலையே கடிதம் எழுதினாள். கணக்கெழுதிய தாளை அவள் தந்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தம்பியிடம் காட்ட வேண்டுமாம்.