மருந்துச் சாடிகள் சொல்லும் வரலாறு

பழைய மருந்துச் சாடிகளை இன்று பலரும் அழகுக்காகச் சேர்த்து வைக்கின்றனர். ஆனால் அவற்றின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் காரணம் உண்டு.

மத்திய கால முஸ்லிம் நாடுகளின் மருந்துக் கடைகளில் மெருகிட்ட மண்சாடிகள் இருந்தன. நெருக்கமாக அடுக்கிய வரிசையிலிருந்து கையாற் பற்றி எடுக்க வசதியாக அவற்றின் இடைப்பகுதி ஒடுங்கியிருக்கும். வாயைத் தோலால் மூடி நூலாற் கட்டுவர். இவ்வடிவமே ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் சென்று ‘அல்பரெல்லோ’ எனப் பெயர் பெற்றது. மருந்துகளின் சேர்மானங்களை 9ஆம் நூற்றாண்டிலேயே சாபூர் இப்னு ஸஹ்ல் நூலாகத் தொகுத்திருந்தார்.

பின்னர் கண்ணாடிப் போத்தல்கள் வந்தன. ஒளிபட்டாற் கெடும் மருந்துக்குத் தவிட்டு நிறம். நஞ்சுக்கோ வரிவரியாகப் புடைத்த நீலப் போத்தலும் பச்சைப் போத்தலும். இருட்டிலும் விரல்கள் ஆபத்தை அறிந்துகொள்ளும்.

எங்கள் யட்டியாந்தோட்டைப் பகுதியில் மறக்க முடியாத மருந்து கொயினா. கசப்பான எதையும் உம்மும்மா “கொயினா மாதிரி” என்றே சொல்வார். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து இம்மருந்தை 1820இல் பெல்லெத்தியே, கவந்தூ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். 1861இல் ஹக்கலையில் சிங்கோனா நடப்பட்டது. கோப்பி நோயால் அழிந்தபோது தோட்டங்கள் சிங்கோனாவுக்கு மாறின. 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் குவிந்து விலை வீழ்ந்தது. பின்னர் அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

உலகுக்கே கொயினாப் பட்டை அனுப்பிய நாட்டில் 1934–35இல் மலேரியாவால் சுமார் 80,000 பேர் இறந்தனர். கேகாலை மாவட்டம் மிகவும் பாதிக்கப்பட்டது. மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டைகளாகத் தேங்க நுளம்பு பெருகியது. வழக்கமாக மழை பெய்யும் இப்பகுதி மக்களுக்கு நோயெதிர்ப்புச் சக்தியும் குறைவு. வறட்சியால் பசியும் சேர்ந்துகொண்டது. என். எம். பெரேரா, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோருடன் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர்.

மருந்து கண்டுபிடிக்கப்பட்டு 114 ஆண்டுகள் கடந்தும் இத்தனை உயிர்கள் போயின. சாடியில் இருக்கும்வரை மருந்து வெறும் தூள்தான். உரிய நேரத்தில், உரிய அளவில், உணவோடு நோயாளியின் கைக்குச் சேரும்போதே அது மருந்தாகிறது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டதற்கு, வீடு வீடாகச் சென்று இரத்தம் சோதித்த ஊழியர்களும் காரணம்.

உயிரியல் பிரிவில் கற்கும் எம்மில் பலருக்கு வைத்தியராகும் கனவுண்டு. தூரத்து லயன் வீட்டுக்கும் மருந்தைக் கொண்டு சேர்ப்பதும் அக்கனவில் அடங்கட்டும்.