ஒளி பட்டால் சுழலும் மோட்டார்

மேசைமேல் இருந்த சிறிய காற்றாடி அசையவில்லை. தம்பி கைவிளக்கை மீண்டும் ஒருமுறை ஒளி உணரியின்மேல் பாய்ச்சினான். பயனில்லை. மறுநாள் அறிவியல் கழகத்தில் அவன் தன் படைப்பை விளக்கிக் காட்ட வேண்டும்.

"அக்கா, உணரி பழுதாகிவிட்டது. இந்நேரம் கடையும் அடைத்திருப்பார்கள்," என்றான் சோர்வுடன்.

படிவம் ஐந்தில் பயிலும் அக்காள் மின்சுற்றை உற்று நோக்கினாள். நான்கு மின்கலங்கள், ஒளி உணரி, மோட்டார் ஆகியவை ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருந்தன.

"பழுது என்று எப்படி முடிவு செய்தாய்? அளந்து பார்த்தாயா?" என்று கேட்டு, மல்டிமீட்டரை அவனிடம் நீட்டினாள்.

தம்பி உணரியைத் தனியே கழற்றி அளந்தான். கறுப்புத் துணியால் மூடியபோது அதன் மின்தடை ஒரு மில்லியன் ஓமைத் தாண்டியது. கைவிளக்கின் ஒளியில் 600 ஓமாகக் குறைந்தது. உணரியில் எந்தக் குறையும் இல்லை!

"இப்போது 6 வோல்ட்டை 600 ஓமால் வகுத்துப் பார்."

"0.01 ஆம்பியர். அதாவது, 10 மில்லிஆம்பியர்."

"அதற்கு மேல் மின்சாரம் இந்த வழியில் போகாது. உன் மோட்டார் சுழல 100 மில்லிஆம்பியருக்கும் மேல் வேண்டும். குழாயைத் திருகுவது நம் விரல்தான். ஆனால், பாய்வது தொட்டியில் உள்ள நீர். உனக்கும் அப்படி ஒரு குழாய் தேவை. அதுதான் டிரான்சிஸ்டர்."

அக்காள் தன் பெட்டியிலிருந்து டிஐபி122 என்னும் டிரான்சிஸ்டரை எடுத்துத் தந்தாள். எழுத்து அச்சிடப்பட்ட பக்கம் தன்னை நோக்கி இருக்குமாறு தம்பி அதனைப் பொருத்தினான். மின்கலத்தின் நேர் முனையிலிருந்து மோட்டார் வழியாக நடுக்காலுக்கு ஒரு கம்பி சென்றது. வலது கால் எதிர் முனையோடு இணைந்தது. நேர் முனைக்கும் இடது காலுக்கும் இடையே ஒளி உணரி அமர்ந்தது. இடது காலுக்கும் எதிர் முனைக்கும் இடையே 10 கிலோ ஓம் மாறு மின்தடை இடம்பெற்றது.

"மோட்டாருக்குக் குறுக்கே டையோடை மறவாதே. அதன் வெள்ளைக் கோடு நேர் முனைப் பக்கம் இருக்க வேண்டும். மோட்டார் அணையும் நொடியில் எழும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும்," என்று அக்காள் நினைவூட்டினாள்.

மின்கலங்களை இணைத்ததும் காற்றாடி சுழன்றது. ஆனால், கைவிளக்கு இன்னும் எரியவில்லை! அறையின் வெளிச்சமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி சற்றுச் சிந்தித்தான். பிறகு, மாறு மின்தடையை மெல்லத் திருகினான். காற்றாடி நின்றது. கைவிளக்கின் ஒளி பட்டதும் மீண்டும் சுழன்றது.

"மாலையில் தாமாகவே எரியும் தெருவிளக்குகள் பலவற்றிலும் ஒளி உணரி உண்டு. அங்கே இருள்தான் கட்டளையிடும்," என்றாள் அக்காள். "ஆனால், வீட்டு மின்சாரத்தில் இதைச் சோதிக்காதே. மின்கலம் மட்டும் போதும்."

மறுநாள் கழகத்தில் தம்பி சுழலும் காற்றாடியை முதலில் காட்டவில்லை. டிரான்சிஸ்டர் இல்லாத பழைய மின்சுற்றை மேசைமேல் வைத்தான்.

"இது ஏன் சுழலவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?" என்று நண்பர்களைக் கேட்டான்.